தாம்பரமா, ஆவடியா? வீடு பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் ஊர் பார்ப்போம்

சித்தப்பா பையனுக்கு வரும் தையில் கல்யாணம். அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வரப்போகிற பெண் மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதலில் இரண்டு வருடம் வாடகை, அப்புறம் கையில் இருப்பதைப் போட்டு மீதிக்கு லோன் எடுத்துச் சின்னதாகச் சொந்த வீடு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். "நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கீங்க, தாம்பரமா ஆவடியா, ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணா" என்றான். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இது.

தாம்பரத்தில், சேலையூர் பக்கம், ஏழு வருடம் வாடகைக்கு இருந்தேன். இப்போது ஆவடியில், கோவில்பதாகை பக்கம், ஆறாவது வருடம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். இரண்டும் புறநகர் ரயிலால் வளர்ந்த ஊர்கள். இரண்டிலும் ராணுவமோ விமானப்படையோ இருக்கிறது. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது, தாம்பரம் 2021 நவம்பரில் ஆனது, 2022 ஜனவரி 1 அன்று இரண்டுக்கும் ஒரே நாளில் தனித்தனி போலீஸ் கமிஷனர் வந்தார். ஆனால் குடியிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டே கிடையாது. ஏன் என்று யோசித்தால் பதில் சதுர அடி விலையில் இல்லை, ஊர் எப்படி உண்டானது என்பதில் இருக்கிறது.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பயந்ததையும், உள்ளே வைக்க இடமில்லாததையும் ஒவ்வொன்றாகத் தெற்கே அனுப்பியிருக்கிறது, அதெல்லாம் வந்து இறங்கிய இடம்தான் தாம்பரம். முதலில் வந்தது காசநோய். 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பவர், ஊருக்கு வெளியே நல்ல காற்று இருக்கும் என்று இங்கே சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம், தொடங்கினார். பின்னாளில் அரசு எடுத்துக்கொண்டது, எச்ஐவி சிகிச்சைக்கும் நாட்டின் பெரிய மையங்களில் ஒன்றாக ஆனது. ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் என்று நின்றுவிட்டது. தினமும் அந்தப் பெயரில் டிக்கெட் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும் என்று நான் யோசித்ததுண்டு. 1931இல் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அந்த மீட்டர் கேஜ் ரயில் 2004 வரை ஓடியது, அதில் தொங்கிக்கொண்டு காலேஜ் போனவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி, பாரிமுனைப் பக்கம் இட நெருக்கடி தாங்காமல், சேலையூர் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அது கல்லூரி ஆரம்பித்து நூறாவது வருடம். மறு வருடமே, 1938 டிசம்பரில், உலகம் முழுவதிலுமிருந்து மிஷனரிகள் வந்து அங்கே மாநாடு நடத்தினார்கள். தாம்பரம் என்ற பெயர் கிறித்தவ இறையியல் புத்தகங்களில் இன்றைக்கும் வருவது அதனால்தான். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாகப் பார்த்து வளர்த்த வளாகம் அது. ஏப்ரல் மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து அந்தக் கேட்டுக்குள் நுழைந்து பாருங்கள், நெற்றியில் படுகிற காற்றே வேறு. புள்ளிமான் கூடக் கண்ணில் படும்.

விமானப்படைத் தளம், 1984இல் ஏற்றுமதி மண்டலம் (மெப்ஸ் என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும்), 1985இல் பக்கத்தில் வண்டலூர் மிருகக்காட்சிசாலை, 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், கடைசியாக 2023 டிசம்பர் முடிவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். இந்தப் பட்டியலில் கல்லூரியும் மருத்துவமனையும் ரயிலும் பஸ்ஸும் ஏதோ ஒரு வகையில் எல்லோருக்கும் திறந்தவை. அதனால் ஊரும் திறந்த ஊராக வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு ராத்திரி தங்கிப் போகலாம், அறை எடுத்துப் படிக்கலாம், பிடித்தால் இருந்துவிடலாம். வாடகை வீடு தேடிப் போனால் ஹவுஸ் ஓனர் சொந்த ஊர் எது என்று கேட்பார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், ஏனென்றால் விழுப்புரமோ திருச்சியோ நெல்லையோ ஏதோ ஒன்று என்று அவருக்கே தெரியும்.

ஆவடி கதை நேர் எதிர். ஆவடிக்குப் பெயர் வந்ததே ஆங்கிலத்தில் ராணுவ வாகன, வெடிமருந்துக் கிடங்கு என்பதன் முதல் எழுத்துகளால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆட்டோக்காரர் முதல் ரிடையர் ஆன அதிகாரி வரை. என்னிடமே நாலைந்து பேர் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். ஆனால் 1955 ஜனவரியில், நேரு பிரதமராகவும் காமராஜர் முதல்வராகவும் இருந்தபோது, தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய இடத்தின் பெயர் அப்போதே ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். பேர் முன்னாடி, பீரங்கி பின்னாடி.

ஆனால் அந்தக் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது, ஊரை உருவாக்கியது ராணுவம்தான். இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே இங்கே படை முகாம் இருந்தது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து (எச்.வி.எஃப். என்பது இதுதான்) 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது, பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். படை உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சி நிறுவனம், சி.ஆர்.பி.எஃப். முகாம், விமானப்படை நிலையம் என்று ஒவ்வொன்றும் ஒரு சுவரோடு வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது, கவச வாகனங்களுக்கான கம்பெனிக்குத் தலைமையகமே ஆவடிதான்.

சுவர் என்று சொன்னேனே, அதுதான் ஆவடியில் குடியிருப்பவனின் அன்றாடம். மேப்பில் இரண்டு கிலோமீட்டர் என்று காட்டும், நேரே போக வழி இருக்காது, நடுவில் பாதுகாப்புத் துறை நிலம். சுற்றிக்கொண்டு போனால் ஐந்து. வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சுவர்களுக்கு நன்றி சொல்கிறேன், அவற்றுக்கு உள்ளே இருக்கிற மரங்களை யாரும் வெட்டி பிளாட் போடவில்லை. காலை ஐந்தரைக்கு எச்.வி.எஃப். ரோட்டில் நடந்தால் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே ரிடையர் ஆனவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு (ஆவடியில், ஸ்வெட்டர்!) கை வீசி நடப்பார்கள், மலையாளமும் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் காதில் விழும். குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ரிடையர் ஆனதும் பி.எஃப். பணத்தில் சுவருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டியதுதான் இன்றைய ஆவடியின் பாதி நகர்கள். அதனால் இது வந்து தங்கியவர்களின் ஊர். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எங்கள் தெரு நிசப்தம். தாம்பரத்தில் ஒன்பதரை மணி என்பது மாலை.

ரயில் விஷயத்துக்கு வருவோம், பெரும்பாலான பேருக்கு முடிவு இங்கேதான் இருக்கிறது. வயதில் மூத்தது ஆவடி பாதைதான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ஆவடி வழியாகத்தான் போனது. ஆனால் மூப்பு ஒன்றுக்கும் உதவாது. வேலை நேரத்தில் தாம்பரம் பாதையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது வந்துவிடும் என்ற தைரியம் இருக்கிறது. ஏ.சி. மின்சார ரயிலும் 2025இல் முதலில் இந்தப் பாதைக்குத்தான் வந்தது. ஆவடியில் அந்தத் தைரியம் ஞாயிற்றுக்கிழமை அறவே கிடையாது. அதோடு ஆவடிக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. வண்டியின் முகப்பில் "பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்" என்று போட்டிருக்கும், சென்ட்ரலில் புதிதாக நிற்பவர் இது ஏதோ ராணுவத்துக்கான வண்டி என்று ஏறாமல் விட்டுவிடுவார். தைரியமாக ஏறுங்கள், ஆவடி தாண்டித்தான் போகும். சில நாள் அந்தப் பக்கம் தட்டை வேகனில் தார்ப்பாய் போர்த்திய டாங்கி ஒன்று கூச்சப்பட்டு நிற்பதும் தெரியும்.

தெற்கே சொந்த ஊர் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், தாம்பரம் போங்கள். தெற்கே போகிற பெரும்பாலான வண்டிகள் நின்று போகிற, சிலது அங்கிருந்தே கிளம்புகிற ஊர் அது. பஸ் என்றால் கிளாம்பாக்கம் கூப்பிடு தூரம். தீபாவளிக்கு முந்தின நாள் ஆவடியிலிருந்து கிளம்பி, குழந்தையும் பையுமாகக் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி தீபாவளி முடிந்துவிடும். நான் இரண்டு வருடம் அனுபவித்தேன், மூன்றாவது வருடம் அம்மாவையே இங்கே வரச் சொல்லிவிட்டேன். அதே சமயம் அரக்கோணம், காட்பாடி, திருத்தணி, திருப்பதி பக்கத்து ஆட்களுக்கு ஆவடிதான் வசதி. திருத்தணி கிருத்திகைக்கு நாங்கள் போவது பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி.

மெட்ரோ வரும் என்று சொல்லி இரண்டு ஊரிலும் மனை விற்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு ஒன்று, கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு ஒன்று. ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். பட்டாபிராமில் 2024இல் திறந்த 21 மாடி டைடல் பார்க் கண்ணுக்குத் தெரிகிற கட்டடம், அதை வைத்து விலை கேட்டால் ஓரளவு நியாயம் உண்டு.

இப்போது தண்ணீர். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. நான் இருந்த சேலையூர் மாடி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று நாள் கரன்ட் இல்லை, அவ்வளவுதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், முடிச்சூரில், ஆபீஸ் நண்பன் ஒருவன் மொட்டை மாடியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான், படகில் வந்துதான் இறக்கினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்த வினை என்று அவனே இன்றைக்கும் சொல்வான். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலை அருகே, அது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர், அடையாற்றின் தொடக்கமே அங்கேதான். இது தெரியாமல் "செம்பரம்பாக்கம் இங்கிருந்து ரொம்ப தூரம் சார்" என்று புரோக்கர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு.

மறு வருடம் அதே பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். கீழ்த்தளம், வாடகை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு, பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. ஹால் பளிச்சென்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் சுவிட்ச் இருக்கிற மூலையில் மட்டும் பெயின்டர் கைவிட்டுவிட்டார் போலிருக்கிறது, என் மார்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. அதற்குக் கீழே சுவிட்ச் போர்டு இருந்து பெயர்த்த இரண்டு ஓட்டைகள், புதுப் போர்டு கோட்டுக்கு ஒரு முழம் மேலே. அந்த வீட்டின் வரலாற்றை எனக்குச் சொன்னது அந்தப் போர்டுதான். இப்போதும் எங்கே வீடு பார்த்தாலும் நான் முதலில் போவது மாடிப்படிக்கு அடியில்.

ஆவடி இதில் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் ஏரிகளின் ஊர், பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், கோவில்பதாகை என்று. பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து கரையில் நடைபாதை போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள், மாலையில் குழந்தைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். மற்ற ஏரிகளை ஒட்டிய நகர்களில் ஐப்பசி அடைமழைக்கு முழங்கால் தண்ணீர் சாதாரணம். ஆனால் தண்ணீர் நிற்பது வேறு, ஆறு வீட்டுக்குள் வருவது வேறு. முதலாவதில் செருப்பு போகும், இரண்டாவதில் ஃபிரிட்ஜ் போகும். இரண்டு ஊரிலும் பெயரில் ஏரி, தாங்கல், மடுவு என்று வந்தால் பட்டா, வில்லங்கத்தோடு நிற்காமல் பழைய கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள்.

கூடவே இன்னொன்று. தாம்பரத்தில் விமானப்படைத் தளத்தை ஒட்டியும் ஆவடியில் பாதுகாப்புத் துறை சுவர்களை ஒட்டியும் மனை கொஞ்சம் சல்லிசாகக் கிடைக்கும். அங்கே கட்டுவதற்குத் தடையில்லாச் சான்று, உயரக் கட்டுப்பாடு என்று வரும், 1903ஆம் வருடச் சட்டமே இதற்கு இருக்கிறது. பத்திரம் பதிந்த பிறகு விசாரிக்கிற விஷயம் இது இல்லை.

மற்றவை சுருக்கமாக. தாம்பரம் மாநகராட்சி என்பது ஐந்து நகராட்சியும் ஐந்து பேரூராட்சியும் சேர்த்துக் கட்டிய மூட்டை, அதனால் ஒரு பகுதிக்குப் பாதாள சாக்கடை, அடுத்த பகுதிக்குக் கழிவுநீர் லாரி என்றுதான் இருக்கும். தாம்பரம் என்று சொன்னாலே எந்தத் தாம்பரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கிழக்கும் மேற்கும் வேறு வேறு ஊர். பள்ளிக்கூடம் இரண்டிலும் தாராளம், கேந்திரிய வித்யாலயாவும் இரண்டிலும் உண்டு. கல்லூரி, ஆஸ்பத்திரி, ஓட்டல், துணிக்கடை எல்லாவற்றிலும் தாம்பரம் ஒரு கை தூக்கல். விலையில் பொதுவாக ஆவடி இறக்கம், அதே காசுக்கு ஒரு ரூம் கூடக் கிடைக்கும், வண்டி நிறுத்த இடமும் இருக்கும்.

பழமைப் பெருமை பேசுகிறவர்களுக்காக ஒன்று: 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை எடுத்தது பல்லாவரத்தில், அது இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. ஆவடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதே வருடம் அவரே நம் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்திலும் எடுத்தார், நமக்கு சுந்தரர் பாடின திருமுல்லைவாயிலும் இருக்கிறது. இதை வைத்து வாடகை குறையாது.

என் முடிவைக் கேட்டால், வாடகைக்குத் தாம்பரம், வாங்குவதற்கு ஆவடி. வாடகைக்கு இருக்கிற வயதில் ஊர் திறந்திருக்க வேண்டும், வேலை மாறலாம், ராத்திரி லேட்டாக வரலாம், திடீரென்று ஊருக்குக் கிளம்பலாம். கடன் கட்டுகிற வயதில் தெரு அமைதியாக இருந்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

தம்பி விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல், இரண்டு பேரின் வேலையும் இரண்டு திசையில். தாம்பரத்தில் இருந்தால் அவன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் ஸ்டேஷனுக்கு ஓடி, அம்பத்தூருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும், ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போகும். பைக் என்றால் வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறலாம். அங்கிருந்து ஆவடியை ஒட்டிய நெமிலிச்சேரி வரை சுமார் 30 கி.மீ., நெமிலிச்சேரி வரை போகாமல் பூந்தமல்லி பக்கமே இறங்கி அம்பத்தூருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் லாரிகளுக்கு நடுவில் தினமும் போய் வர முதுகு கேட்க வேண்டும். ஆவடியில் இருந்தால் அவனுக்கு ரயிலில் கால் மணி, அந்தப் பெண்ணுக்குத் தினமும் மேடவாக்கம் என்பது தண்டனை. டீச்சர் வேலை எந்த ஊரிலும் கிடைக்கும், தொழிற்சாலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால் ஆவடிதான் சரி என்று அவனிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு, "அந்தப் பொண்ணு கிட்ட கேட்டியாடா?" என்றேன். கேட்கவில்லையாம். நானும் அதுவரை கேட்கத் தோன்றாமல் சதுர அடியும் சாக்கடையும் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து போன் பண்ணினான். அவளுக்கு அம்மா வீடு மதுராந்தகம், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகிறது, சாயங்காலம் ஸ்கூல் விட்டு ஒரு ரயிலைப் பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னாளாம். "தாம்பரம்தாண்ணா. நான் பைக்லயே போய்க்கிறேன்."

சேலையூரில் என் பழைய ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். மாடி போர்ஷன் மார்கழியில் காலியாகிறதாம், ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார். நான் இருந்த அதே போர்ஷன்தான், மழைக்குத் தண்ணீர் வராது, மோட்டார் மட்டும் காலையில் இரண்டு தட்டு தட்டினால்தான் ஓடும்.